ஓரகத்தி மேல இருக்கறது நியாயமான கோவமா, பொறாமையா? திருப்பூர் சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி: சிஸ்டர், நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங் செக்சன்ல இருக்கேனுங்க, பல வருசமா. என் கொழுந்தனார் சம்சாரத்த நான்தான் இங்க டெய்லரா சேர்த்துவிட்டேன். இப்ப அவ லைன் சூப்பர்வைசர் ஆயிட்டா. நாங்க இன்னும் லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கோம், அவ பெருமாநல்லூர் பக்கம் வீடே கட்டி பிரதிஷ்டை பண்ணிட்டா. பீஸ் ரேட்டுல தைக்கற ஒடிசா புள்ளைக கணக்க அவ நோட்டுல கொறச்சு எழுதி, அந்த பீஸ தனக்கு வேண்டிய ரெண்டு பேரு கணக்குல ஏத்தி, சனிக்கிழமை சம்பளத்துல பங்கு வாங்கறா. நோட்ட போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். பேரு போடாம புகார் பெட்டில போட்டுடலாம்னு இருக்கேன், ஆனா அத நெனச்சாலே மனசு குதிக்குது, அதான் பயமா இருக்கு. ஜெபக்கூட்டத்துல ஒரு அக்கா "நியாயந்தீர்க்காத, விட்டுரு"ன்னு சொல்றாங்க. போன வாரம் ஆத்திரத்துல அவ லைன்ல இருந்து வந்த ஒரு லாட்ட சரியா பார்க்காமலே பாஸ் பண்ணி விட்டுட்டேன், இன்ஸ்பெக்சன்ல பெயில் ஆகி அவ மாட்டட்டும்னு. பாட்டுக்குழுவுக்கும் போறதில்ல, ராத்திரி தூக்கமும் இல்ல. நான் செய்ய நெனைக்கறது நேர்மையா, பொறாமையா?

பதில்: அம்முணி, உங்க லெட்டர் நாலு பக்கம், இங்க சுருக்கித்தான் போட்டிருக்கேன், ஆள் தெரியற விசயம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். முழுசா படிச்சப்ப ஒன்னு கண்ணுல பட்டுச்சு. அந்த வீட்டோட டைல்ஸ், மாடிப்படி கைப்பிடி, பிரதிஷ்டைக்கு அவங்க கட்டியிருந்த சேலை, மாமியா அன்னைக்கு அவங்கள ஒறம்பரை முன்னாடி பாராட்டினது, எல்லாம் வரிவரியா இருக்கு. கூலி பறிகுடுத்த அந்த ஒடிசா புள்ளைக வர்றது ஒரே ஒரு வரில. எத்தன பேருன்னு இல்ல, எத்தன வாரமா நடக்குதுன்னு இல்ல, அதுக ஊருக்கு அனுப்பற பணம் எவ்வளவு கொறஞ்சிருக்கும்னு ஒரு வார்த்தை இல்ல. இத உங்கள குத்திக்காட்ட சொல்லலைங்க, நீங்க கேட்ட கேள்விக்கு பதில் அதுக்குள்ளயே இருக்குன்னுதான் சொல்றேன். நியாயம் கேக்கறவங்க மனசுல பாதிக்கப்பட்டவங்க முகம் முன்னாடி நிக்கும், பொறாமைல தவிக்கறவங்க மனசுல எதிராளி முகம் மட்டும்தான் நிக்கும்.

அப்போ இது பொறாமைதானான்னா, ஆமாங்க, பொறாமை இருக்கு, ஆனா நீங்க பார்த்ததும் நெசம்தான். எங்கிட்ட வர்ற நெறைய பேரு இந்த ரெண்டுல ஒன்னுதான் இருக்க முடியும்னு நெனச்சுக்கறாங்க, எனக்கு பொறாமை இருக்கறதால நான் பார்த்ததே தப்பா இருக்கும்னு வாய மூடிக்கறவங்க ஒருபக்கம், நான் சொல்றது உண்மைதானே அப்புறம் எப்படி பொறாமை ஆகும்னு கெளம்பறவங்க இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே மனசுல ஒட்டுக்கா இருக்கும்ங்க. அதனால உங்க வேலையும் ரெண்டு, அந்தப் புள்ளைகளுக்கு நியாயம் கெடைக்கணும், உங்க மனசுல இருக்கற சீக்கு தீரணும். ஒன்ன வெச்சு இன்னொன்ன தீர்க்கப் பார்த்தா ரெண்டுமே கெட்டுப்போகும்.

இயேசுவ சிலுவைக்கு அனுப்பினது எதுன்னு கேட்டா நாம யூதாஸோட முப்பது வெள்ளிக்காசத்தான் சொல்லுவோம். ஆனா மத்தேயு 27:18, மாற்கு 15:10 ரெண்டுலயும் ஒரு விசயம் எழுதியிருக்கு, பிரதான ஆசாரியருக பொறாமைலதான் அவர கொண்டாந்து ஒப்புக்குடுத்தாங்கன்னு ரோம அதிபதி பிலாத்துவுக்கு தெரிஞ்சிருந்துச்சு. கல்லு எடுத்து எறியல பாருங்க, விசாரணை வெச்சாங்க, சாட்சி கூப்புட்டாங்க, அதிகாரிகிட்ட முறைப்படி புகார் குடுத்தாங்க, வெளிய இருந்து பார்த்தா எல்லாம் சட்டப்படி. பிலாத்து ஒன்னும் நல்ல மனுசன் இல்ல, அவனுக்கே அது தெரிஞ்சிருச்சு. பொறாமை என்னைக்கும் நாந்தான் பொறாமைன்னு சொல்லிக்கிட்டு வராதுங்க, கையில ஒரு புகாரோடதான் வரும். உங்க மனசு குதிக்கறத நீங்களே கவனிச்சு பயந்தீங்களே, அந்த பயத்த நான் மதிக்கறேன், அது பரிசுத்த ஆவியானவர் உங்கள உறுத்தறதுன்னே நம்பறேன்.

ஆனா அங்க குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி. இங்க நீங்க சொல்ற நோட்டு நெசம்னா ஏமாந்து நிக்கறது கூலிக்காரப் புள்ளைக. யாக்கோபு 5:4 எடுத்துப் பாருங்க, "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது"ன்னு இருக்கு. மொழி தெரியாத ஊருல, ஹாஸ்டல்ல தங்கி, கணக்கு கேட்டா வேலை போயிருமோன்னு பயந்துக்கிட்டு இருக்கற புள்ளைக சத்தம் கர்த்தர் காதுல விழுது, உங்க கண்ணுலயும் பட்டிருச்சு. எனக்கு பொறாமை இருக்கு, அதனால நான் பேசக்கூடாதுன்னு நீங்க ஒதுங்கினா, உங்க மனசு சுத்தத்துக்கு அதுக கூலிய பலி குடுத்த மாதிரி ஆயிரும். அதனால "விட்டுரு"ன்னு சொன்ன அந்த அக்கா வார்த்தைய நான் ஏத்துக்க மாட்டேங்க. நியாயந்தீர்க்காதிருங்கள்னு சொன்ன அதே மத்தேயு 7ம் அதிகாரத்துலதான், முன்பு உன் கண்ணுல இருக்கற உத்திரத்த எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணுல இருக்கற துரும்ப எடுக்க வகைபார்ப்பாய்னும் இருக்கு. துரும்பு அப்படியே கெடக்கட்டும்னு இயேசு சொல்லல. எத முதல்ல எடுக்கோணும்னுதான் சொன்னாரு.

உங்க உத்திரம் அந்த லாட்டு.

நீங்க அத லெட்டர்ல நடுவால ஒரு ஓரத்துல சொல்லிட்டு போயிட்டீங்க, எனக்கு அதுதான் ரொம்ப வெசனமா இருந்துச்சு. இத்தன வருசமா செக்கிங் டேபிள்ல நின்னு ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்டதுன்னு ஒவ்வொரு பீஸா பொரட்டிப் பார்த்த கையி, ஒருத்தி மேல இருக்கற ஆத்திரத்துல பார்க்காத பீஸுக்கு ஓகே போட்டிருக்கு. நான் சொல்லாமலே உங்களுக்கு தெரியும், பையர் தரப்புல ஏ.க்யூ.எல் முறைல, அதான் எத்தன குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற கணக்குல, சில பீஸ எடுத்து பார்த்து பெயில் பண்ணிட்டாங்கன்னா லாட்டு முழுசையும் மறுபடி செக் பண்ண வேண்டி வரும், அன்னைக்கு நேரங்காலம் பார்க்காம நின்னு சாகறது உங்க கூட இருக்கற செக்கிங் பொம்பளைகதான், உங்க ஓரகத்திக்கு ஒரு திட்டு விழுந்தா பெருசு. அவங்க கணக்கு நோட்டுல பண்ணினத நீங்க செக்கிங் டேபிள்ல பண்ணிட்டீங்க. காரணம்தான் வேற வேற, அவங்களுக்கு காசு, உங்களுக்கு வன்மம்.

அதனால இத படிச்ச மக்யா நாளே இன்சார்ஜ்கிட்ட போயி, இந்த லாட்ட நான் சரியா பார்க்காம விட்டுட்டேன், ஷிப்மென்ட் போறதுக்கு முன்னாடி மறுபடி பார்த்துடலாம்னு சொல்லுங்க. ஏன் விட்டேன்னு கதையெல்லாம் வேண்டாம், என் தப்புன்னு மட்டும் சொல்லுங்க. திட்டு விழும், அன்னைக்கு கூலி போனாலும் போகும், இத்தன வருசம் எடுத்த நல்ல பேருக்கு ஒரு கீறல் விழும். விழட்டும்ங்க. லாட்டு ஏற்கனவே கெளம்பிருந்தாலும் சொல்லுங்க, அவங்க என்ன செய்யோணுமோ அத செஞ்சுக்குவாங்க. இத முடிக்காம ஓரகத்தி விசயத்துல ஒரு அடி கூட எடுத்து வெக்காதீங்க.

அப்புறமேட்டுக்கு அவங்கள தனியா பாருங்க. மத்தேயு 18:15ல சொன்னபடி நீங்களும் அவங்களும் மட்டும் இருக்கறப்ப. மாமியா முன்னாடி வேண்டாம், விருந்து வீட்டுல வேண்டாம், போன்லயும் வேண்டாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லி வெச்சிருங்க, நாளைக்கு அண்ணந்தம்பிக்குள்ள பேச்சு வந்தா அவரு எதுவும் தெரியாம நிக்கக்கூடாது. அவங்ககிட்ட பேசறது நாலு வார்த்தை போதும்ங்க, "நோட்டு எப்படி எழுதற-ன்னு எனக்கு தெரியும் அம்முணி, அந்தப் புள்ளைக பீஸ அதுக கணக்குலயே எழுது, இதுவரைக்கும் போன காச திருப்பிக் குடுக்க வழி பண்ணு, வர்ற சனிக்கிழமைக்குள்ள நடக்கலைன்னா நான் ஆபீஸ்ல என் பேர போட்டு எழுதித் தருவேன், உங்கிட்ட சொல்லாம செய்யக்கூடாதுன்னுதான் முதல்ல இங்க வந்தேன்." வரி வசூலிச்ச சகேயு, அநியாயமா வாங்கினத நாலத்தனையா திருப்பித் தர்றேன்னு இயேசுகிட்ட சொன்னாரு, அவங்க உள்ளத உள்ளபடி திருப்பினாலே பெரிய விசயம்தான். அவங்க சூப்பர்வைசர், உங்கள பழிவாங்குவாங்கன்னு பயம் இருந்துச்சுன்னா தனியா போகாதீங்க, அடுத்த வசனத்துலயே ஒருத்தர் ரெண்டு பேர கூட்டிட்டு போகச் சொல்லியிருக்கு. உங்க சபை ஐயரம்மா, அதான் பாஸ்டர் சம்சாரம், மாதிரி வாய் கட்டுப்பாடு இருக்கற ஒருத்தர பாருங்க.

இங்க ஒன்னு சொல்லியே ஆகோணும், இந்த "முதல்ல தனியா போயி பேசு"ங்கற வழி காசு விசயத்துக்குத்தான் நான் சொல்றது. நாளைக்கு ஒரு புள்ளைகிட்ட எவனாவது தப்பா நடக்கறத பார்த்தீங்கன்னா அவன்கிட்ட போயி பேசிக்கிட்டு இருக்காதீங்க, 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல அதுக்குன்னு ஒரு உள்ளகப் புகார் குழு இருந்தே ஆகோணும்னு 2013லயே சட்டம் வந்திருச்சு, நேரா அங்க போங்க. அந்த மாதிரி விசயத்துல பேரு போடாம எழுதறதும் தப்பில்ல, ஆபத்துல இருக்கறவங்களுக்கு பேர மறைக்கற உரிமை உண்டு.

உங்க விசயத்துல மொட்டக் கடுதாசி வேண்டாங்கறேன். பேரு போட்டு எழுதறப்ப ஒவ்வொரு வரிக்கும் நாம பதில் சொல்லோணும், அதனால தெரியாதது ஒன்னையும் சேர்க்க மாட்டோம், இந்த இந்த தேதில நோட்டுல இப்படி இருந்துச்சு, அந்தப் புள்ள தெச்சது இத்தனன்னு மட்டும்தான் எழுதுவோம். பேரு இல்லைன்னா கை தானா நீளும். உங்க லெட்டர்லயே நீண்டிருக்குதுங்க, "அந்த காசுலதான் வீடே கட்டியிருப்பா"ன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களுக்கு தெரியுமா? கொழுந்தனார் லோன் போட்டிருக்கலாம், அவங்க அப்பா வீட்டுல குடுத்திருக்கலாம், எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. நோட்ட பத்தி நீங்க சொல்றது சாட்சி, வீட்ட பத்தி சொல்றது பொய்ச்சாட்சி. ஒரே வாயில இருந்து ரெண்டும் வந்துச்சுன்னா ஆபீஸ்ல இருக்கறவங்க ரெண்டையுமே பொறாமைன்னு தள்ளிருவாங்க, கடைசில நட்டம் அந்தப் புள்ளைகளுக்குத்தான்.

சரி, இதெல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னே வெச்சுக்கலாம். புள்ளைக காசு திரும்பி வந்துருது, நோட்டு சரியாயிருது, ஆனா யாரும் அவங்கள அவமானப்படுத்தல, சூப்பர்வைசர் வேலையும் போகல, வீடும் அப்படியே இருக்கு, மாமியாளும் அதே மாதிரி பாராட்டறாங்க. இத கண்ண மூடி நெனச்சுப் பாருங்க. நிம்மதியா இருக்கா, இல்ல வாய் கசக்குதா? கசக்கற அந்த பங்குதான் நியாயத்துல சேராதது, இனிமே நான் சொல்றது அதப் பத்தித்தான்.

நாம யாரப் பார்த்து ஒப்பிட்டுக்கறோம்னு 1954லயே லியோன் ஃபெஸ்டிங்கர்ங்கற உளவியல் அறிஞர் எழுதியிருக்காரு, நமக்கு எட்டாத தூரத்துல இருக்கறவங்களோட இல்ல, நம்ம மாதிரியே இருக்கறவங்களோடதான் மனசு அளந்து பார்க்கும்னு. கம்பெனி மொதலாளி காரு வாங்கினப்ப உங்களுக்கு ஒன்னும் ஆகல இல்லைங்களா. ஒரே வீட்டுக்கு வாழ வந்தவங்க, ஒரே கேட்டுல உள்ள போறவங்க, அதுவும் நீங்களே கையப் புடிச்சு கூட்டிட்டு வந்தவங்க, அதான் இப்படி எரியுது. சவுல் ராஜாவப் பாருங்க, தாவீத சேனைக்கு மேல வெச்சதே அவருதான். சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்னு பொம்பளைக பாடினாங்க, "அந்நாள் முதற்கொண்டு சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான்"னு 1 சாமுவேல் 18:9ல இருக்கு. உங்க மாமியா பாராட்டின அன்னைக்கு நடந்தது அதேதான். அப்புறம் தாவீது அரண்மனைய விட்டே ஓடிப்போயி குகைல கெடந்தப்பவாவது சவுலுக்கு நிம்மதி வந்துச்சா? இல்லையே, மூவாயிரம் பேர கூட்டிக்கிட்டு மலை மலையா தேடினாரு. உங்க ஓரகத்தி வேலை போனாலும் உங்களுக்கு தூக்கம் வராதுங்க அம்முணி, அத நீங்க நம்போணும். "பொறாமையோ எலும்புருக்கி"ன்னு நீதிமொழிகள் 14:30ல இருக்கறது உங்க எலும்ப பத்தித்தான், அவங்க எலும்ப பத்தி இல்ல.

சங்கீதம் 73 எழுதின ஆசாப் தேவாலயத்துல பாடற ஆளு, உங்கள மாதிரி. அவரே பச்சையா சொல்றாரு, துன்மார்க்கரோட வாழ்வ பார்த்து பொறாமைப்பட்டேன், நான் சுத்தமா இருந்ததெல்லாம் வீணாப் போச்சுன்னு. "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி"ன்னு ஒரு ஆராதனைப் பாட்டுலயே வருது பாருங்க. அத யோசிக்க யோசிக்க அவருக்கு விசனமாத்தான் இருந்துச்சாம், தேவனோட பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போற வரைக்கும். நீங்க பண்ணினது தலைகீழ், பொறாமை வந்ததும் பாட்டுக்குழுவ விட்டு நின்னுட்டீங்க, இந்த மனசோட எப்படி பாடறதுன்னு. அந்த மனசோடதான் போகோணும், ஆசாப் அதோடதான் போனாரு. வர்ற ஞாயித்துக்கெழமையே போயி நில்லுங்க.

ஜெபம் பத்தி ஒன்னு. "அவள தாழ்த்துங்க ஆண்டவரே"ன்னு நீங்க ஜெபிக்கறதா எழுதியிருந்தீங்க. புள்ள இல்லாத அன்னாளுக்கு அவ சக்களத்தி பெனின்னாள் குடுத்த தொல்லை கொஞ்சமா, வருசா வருசம் அழுது சாப்பிடாம கெடந்தவ. ஆனா சீலோவுல அவ கர்த்தர்கிட்ட கேட்டத படிச்சுப் பாருங்க, பெனின்னாள் பேரே அதுல இல்ல. எனக்கு ஒரு ஆம்பளப் புள்ள வேணும்னு மட்டும்தான் இருக்கு. உங்களுக்கு என்ன வேணும்னு நாலு பக்கத்துல ஒரு எடத்துல கூட நீங்க எழுதலைங்க. நானா ஊகிக்கறேன், சொந்தமா ஒரு வீடு வேணும், அப்புறம் இத்தன வருசம் ஒரே டேபிள்ல நின்னதுக்கு ஒருத்தராவது மதிச்சு ஒரு வார்த்தை சொல்லோணும். ரெண்டும் தப்பான ஆசை இல்ல, பத்தாவது கட்டளை பிறன் வீட்டத்தான் இச்சிக்காதேங்குது, நமக்குன்னு ஒரு வீட்ட கேக்க வேண்டாங்கல. கர்த்தர்கிட்ட அத வாய்விட்டு கேளுங்க. மனுசங்ககிட்டயும் கேளுங்க, லாட்டு விசயம் ஆறினதுக்கப்புறம் செக்கிங் இன்சார்ஜ் பொறுப்புக்கு என்னையும் பாருங்கன்னு ஆபீஸ்ல சொல்லலாம். இத்தன வருச பி.எப். இருக்கு, வீட்டுக்குன்னு அதுல இருந்து முன்பணம் எடுக்க வழி இருக்கு, எவ்வளவு வரும்னு வீட்டுக்காரரோட போயி கேட்டுட்டு வாங்க.

அவங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ மியூட் பண்ணிடுங்க, சின்ன விசயம்னு நெனைக்காதீங்க, ராத்திரி பதினோரு மணிக்கு அந்த வீட்டு போட்டோவ பார்த்துட்டு படுத்தா யாருக்குத்தான் தூக்கம் வரும். அவங்க குழந்தைகளுக்கு நீங்க பெரியம்மா, ரெண்டு மாசமா அதுககிட்ட முகம் குடுத்து பேசலைன்னு எழுதியிருக்கீங்க, இதுல அதுகளுக்கு ஒரு பங்கும் இல்ல, அத மட்டும் இன்னைக்கே மாத்துங்க. இவ்வளவுக்கப்புறமும் ரெண்டு மூணு வாரம் தூக்கம் வரலைன்னா, சாப்பாடு எறங்கலைன்னா, ஜெபம் பத்தலையோன்னு உங்களையே நொந்துக்காம டாக்டர பாருங்க, 14416னு டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர் இருக்கு, காசு இல்லாம எந்நேரமும் தமிழ்லயே பேசலாம்.

அந்த போட்டோ உங்க போன்லயே இருக்கட்டும், அழிக்கவும் வேண்டாம், ஆபீஸ்ல எழுதித் தர்ற நாள் வந்தா அப்ப காட்டுங்க. அதுவரைக்கும் யாருக்கும் அனுப்பாதீங்க, முக்கியமா ஜெபக்குழு வாட்ஸ்அப்புல "இந்த சகோதரிக்காக ஜெபிச்சுக்குங்க"ன்னு போட்டுடாதீங்க. இன்சார்ஜ்கிட்ட பேசினதும் எனக்கு ஒரு லெட்டர் போடுங்க. அதுல அந்த ஒடிசா புள்ளைக எத்தன பேரு, ஒவ்வொருத்தருக்கும் எத்தன வாரமா எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு விசாரிச்சு எழுதுங்க, ஆபீஸ்ல குடுக்கற புகார நாம ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து எழுதிரலாம்.